அடுக்களையில் நான் குடிவைத்த மாடன்

இன்றைக்கு யாராவது அந்தப் பக்கம் போய் எங்கள் பழைய வயல் வீட்டைப் பற்றி விசாரித்தால், பூசாரி முதல் பால்காரர் வரை எல்லோரும் ஒரே வரலாற்றைத்தான் சொல்வார்கள். அதில் முக்கால்வாசி என் பூட்டன் உழைத்து உண்டாக்கியது. மீதிக் கால்வாசி, ஒரு மத்தியானம் பயத்தில் நான் உளறியது. கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வது என்னுடைய கால்வாசிக்குத்தான்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வண்டிப்பாதையில், வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் சுற்றிலும் வயல், நடுவில் ஒற்றையாக அந்த வீடு. நாங்கள் குடியிருந்தது ஊருக்குள். வயல் வீட்டுக்கு அறுப்புக்கு அறுப்புதான் போவோம். கார் அறுப்புக்கு ஒரு மாதம், மாசியில் வரும் பிசான அறுப்புக்கு ஒன்றரை மாதம். பாத்திரம், பாய், ஊறுகாய் ஜாடி எல்லாம் வண்டியில் ஏறும். அவற்றின் மேல் நான் ஏறுவேன்.

பூட்டன் காலத்தில் அது மண் வீடாக இருந்தது. ஆற்று வெள்ளம் இரண்டு முறை அதைக் கரைத்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை பூட்டன் வயலின் கிழக்கு மூலையில் மண் எடுத்து, அங்கேயே சூளை போட்டுச் செங்கல் சுட்டார். தீ வைத்த மறுநாள் அடைமழை. வெந்ததும் வேகாததுமாகக் கல் வந்தது. வேறொருவர் என்றால் குப்பையில் கொட்டியிருப்பார். நாங்கள் புளித்த மோரைக்கூடக் கொட்டாத வம்சம். வேகாத கல்லை எல்லாம் உள்சுவருக்கு வைத்துவிட்டு, அடுத்த கோடையில் இன்னொரு சூளை சுட்டு வெளிச்சுவரை எழுப்பினார். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. உள்ளே எந்தச் சுவரில் சாய்ந்தாலும் முதுகெல்லாம் செம்பொடி. அறுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது எங்கள் வீட்டு ஆட்களை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மண் எடுத்த குழியில் தண்ணீர் நின்று அல்லி முளைத்தது. நான் நீச்சல் பழகியது அதில்தான். பழகினேன் என்றால், சாகாமல் கரை ஏறினேன்.

தாத்தா நெல் அறையைச் சேர்த்தார். அவர் வாங்கிய கல் கொஞ்சம் நீளம். அப்பா மோட்டார் அறையைக் கட்டினார். அவர் வாங்கிய கல் ஒவ்வொன்றிலும் சூளைக்காரரின் இங்கிலீஷ் எழுத்து இரண்டு குழிந்திருக்கும். சுவரைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று நடந்தால், இது யார் காலம் என்று விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அப்படி நடப்பது சின்ன வயதில் எனக்கு ஒரு விளையாட்டு. பூட்டன், பூட்டன், பூட்டன், தாத்தா, அப்பா, பிறகு சாணிக்குழி.

அந்த வீட்டில் பெரிய அறை அடுக்களைதான். அறுப்பு ஆட்கள் அத்தனை பேருக்கும் அங்கேதான் பொங்கியாக வேண்டும். மூன்று அடுப்பு போட்ட மேடை, தரையில் பதித்த அம்மி, ஓட்டு இடுக்கு வழியாகக் கசியும் புகை. ஊர் வீட்டில் அம்மா அளந்துதான் பேசுவாள். வயல் வீட்டு அடுக்களையில் பாடுவாள். ராகம் எதுவென்று அவளுக்கும் தெரியாது, பாட்டுக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விடியும். சொதி வைக்கத் தேங்காய் திருகும் சத்தம், அம்மாவின் தப்பான பாட்டு, பின்கட்டுக் கதவைத் திறந்தால் மாஞ்சோலை மலை. மழை பெய்த மறுநாள் மலையில் அங்கங்கே வெள்ளை நூல் தொங்கும். இப்போதும் எப்போதாவது காலையில் முழிப்பு வந்தவுடன், ஒரு நொடி, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சத்தம்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா போய்விட்டார். எனக்குப் பாளையங்கோட்டையில் குமாஸ்தா வேலை. அம்மாவை அழைத்துவந்து ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தேன். அங்கே அடுக்களை என்பது இரண்டு சுவருக்கு நடுவே ஒரு கேஸ் அடுப்பு. தோசைச் சட்டியோடு திரும்ப வேண்டும் என்றால் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். அம்மா குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது, "பிசானத்துக்கு அங்கன போயிரலாம்லா?" என்று கேட்பாள். போயிரலாம் என்பேன்.

அந்த வருடம்தான் பெரியப்பா வயலையும் வீட்டையும் விற்க முடிவு செய்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மெட்ராஸிலும் பம்பாயிலும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கூரையில் ஓடு சரிகிறது, விற்றுவிடுவதுதான் புத்தி என்றார். எல்லாமே நியாயம். என் கையெழுத்தும் வேண்டும் என்பதால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். பெரியப்பா முன்னால் நான் உட்கார்ந்து பேசியதே கிடையாது. நின்றுகொண்டு எதை மறுப்பது? தலையை ஆட்டினேன். அம்மா, பெரியவங்க சொன்னால் சரிதான் என்றாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக் குடித்துவிட்டேன்.

வாங்க வந்தவர் அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. வயலை வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். திருப்தி. பிறகு வீட்டுக்கு வந்து, சாவிக்கொத்தால் வெளிச்சுவரை இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"பழைய சூளைக்கல்லு சார். இனிமே இது கிடைக்காது" என்று பெரியப்பாவிடம் சொன்னார். "பைய பிரிச்சோம்னா எம் மில்லுக்குச் சுத்துச்சுவரே எழுப்பிரலாம்."

இந்த இடத்தில் என் வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு மயக்கம் வரும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வரும். அதற்கு முந்தைய மாதம் பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பியா டீயா என்று கேட்டதற்கு, நடுங்கிப்போய் ரெண்டும் என்றேன். ரெண்டும் வந்தன. ரெண்டையும் குடித்தேன். சம்மதம் மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி மூன்றாவது தட்டுத் தட்டியபோது வாய் திறந்துவிட்டது.

"இடிக்க முடியாது அண்ணாச்சி. உள்ள ஆளு இருக்கு."

"யாரு, குத்தகைக்காரனா?"

"மாடன்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சியின் செருப்பு இரண்டும் காலை விட்டுக் கழன்றிருந்தன. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மாடன் என்ற காவல் தெய்வத்தின் பேரைச் சொன்னால், இருக்கிறாரா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. எந்த இடத்தில் இருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். என் கை தானாக நீண்டது. நீண்ட திசையில் அடுக்களை இருந்தது. மோட்டார் அறைப் பக்கம் நீண்டிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. இத்தனை வருடமாகியும் அந்தக் கையை நான் மன்னிக்கவில்லை.

அடுத்து, பிடிமண் எங்கேயிருந்து என்றார். ஒரு மாடனைப் புது இடத்தில் வைக்க வேண்டுமானால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்துதான் வைப்பார்கள். அது இல்லாத மாடன், பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை மாதிரி. எங்கள் மாடனுக்கு ஏது பிடிமண்? ஆனால் வாய் நிற்கவில்லை. வேறு எங்கேயிருந்தும் இல்லை அண்ணாச்சி, இந்தக் கிழக்கு மூலை மண்தான் என்றது. முதல் சூளை வேகாமல் போனது, அன்றைக்குப் பூட்டன் கனவில் மாடன் வந்து, என் இடத்து மண்ணை என்னைக் கேட்காமல் சுடலாமா என்று கேட்டார், உனக்கும் ஒரு இடம் தருகிறேன் என்று பூட்டன் வாக்குக் கொடுத்த பிறகுதான் அடுத்த சூளை வெந்தது என்றது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புல்லரித்தது.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கும்போது, இவன் பொய் சொல்லுதான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் குடும்பத்துக்கும் கேவலம், ஒருவேளை மாடன் இருந்துவிட்டால் அவருக்கும் கேவலம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

என் கணக்கு, அண்ணாச்சி பயந்துபோய் வேறு வயல் பார்ப்பார் என்பது. அவரோ ஈரக் கண்ணோடு என் கையைப் பிடித்தார். "இப்படி ஒரு இடத்தத்தான் தம்பி தேடிட்டு இருந்தேன். மில்லுல மாசத்துக்கு ஒரு கோளாறு. ஒரு காவல் தெய்வத்துக்குச் செய்யணும்னு சோசியரு சொல்லிட்டே இருந்தாரு." வீட்டில் ஒரு ஓட்டைக்கூட நகர்த்த மாட்டேன், வருசா வருசம் திருவிழா எடுத்துக் கொடை கொடுப்பேன் என்றார். விலை பேசியபோது பெரியப்பா சொன்னதற்கு மறுபேச்சே இல்லை.

ஒரே பொய்யில் வீட்டைக் காப்பாற்றி, அதே பொய்யில் விற்றும் விட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வீரவநல்லூர் வரை பெரியப்பா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சேரன்மகாதேவி வந்ததும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏலே, எங்க அப்பா இத உங்கிட்டச் சொன்னாரா?"

வியாதி முற்றிய நிலை. ஆமா என்றேன். தாத்தா இறந்தபோது எனக்கு எட்டு வயது. மூத்த மகனிடம் சொல்லாததை எட்டு வயதுப் பேரனிடம் சொல்லிவிட்டாரே என்ற வருத்தம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஒரு வாரம் அந்த வருத்தம். அடுத்த வாரம் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் அந்த அடுக்களைப் பக்கம் ஒரு நாள் அப்பா சூடம் கொளுத்தியதைப் பார்த்திருக்கிறாராம்.

அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று வாசற்படியில் நின்றபடியே சொன்னேன், ஓடுவதற்குத் தோதாக. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "அடுப்பு மேடைய என்னலே செய்வாங்க?" என்றாள். அங்கேதான் பீடம் வைப்பார்கள் போல என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கீரையை அவள் ஆய்ந்துகொண்டே இருந்தாள். காம்புகூட மிஞ்சவில்லை.

செய்தி வாய்க்கால் தண்ணீர் மாதிரிப் பாய்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அடுக்களை வாசலில் எலுமிச்சம்பழமும் பூச்சரமும் கிடந்தன. ஊர்க்காரர் நாலு பேர் என்னை மடக்கி, மாடனுக்குச் சேவல் உண்டா, சுருட்டு உண்டா, சாராயம் உண்டா என்று விவரம் கேட்டார்கள். வெங்காயம் வதக்கினாலே கதவைச் சாத்திக்கொள்கிற பெரியம்மா கண் முன்னால் வந்தாள். சைவம் என்றேன். மாடன் எப்படி வே சைவமா இருப்பாரு என்று ஒருவர் இழுத்தார். எங்க வீட்டோட இருந்து இருந்து பழகிட்டாரு என்றேன். நியாயம்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொள்ளாதவர் ஒருவர்தான். எங்கள் வயலைக் குத்தகைக்குப் பயிர்செய்து வந்தவர், அப்பா வயதுக்காரர். அவர் தெருக் கோயிலில் மாடன் இறங்கி ஆடுவதும் அவர்மேல்தான். அந்த வழக்கத்தால், பத்திரம் எழுதுவதற்கு முன் எங்கள் மாடனிடம் உத்தரவு கேட்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. வரப்பில் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"தம்பி, நாப்பது வருசமா இந்த அடுக்களை வாசல்ல நின்னு கஞ்சி வாங்கிக் குடிச்சிருக்கேன். ஒரு நாளும் மாடன் எங்கிட்டப் பேசலியே."

நான் வரப்பு மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடு" என்றார். "இத்தன பேரு கும்புட்டாச்சு. இல்லாட்டாலும் இனிமே வந்துதான ஆவணும்."

அதையே பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். உத்தரவு கேட்கும்போது விற்க வேண்டாம் என்று மாடன் சொல்ல வாய்ப்பிருக்கிறதா? அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை நான் எப்படிச் சொல்வது, அவரல்லவா சொல்லணும் என்றுவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு பார்வையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் இருந்தேன். அவர் மட்டும் வேண்டாம் என்று தலையை அசைத்தால் போதும். பெரியப்பா மீறமாட்டார், அண்ணாச்சி நினைத்தும் பார்க்கமாட்டார். அம்மா அந்தப் பிசானத்துக்கு அங்கே போய்ப் பொங்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை. களத்தில் பந்தல், மேளம், உறுமி. பெரியப்பா பட்டை பட்டையாகத் திருநீறு பூசி நின்றார். அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். அடுக்களை வாசலில் பொங்கல் பானை. மேளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, குத்தகைக்காரரின் தோள் குலுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். கண் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த மனிதர் அந்தக் கண்ணுக்குள் இல்லை.

"என்ன இங்கன கூட்டியாந்தவன் எங்கலே?"

மேளம் நின்றது. பெரியப்பா பூட்டனைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, மிகவும் மரியாதையாக, "அவுக போயி ரொம்ப வருசமாச்சு சாமி" என்றார்.

"அவனக் கேக்கலலே. அந்தா ஒளிஞ்சி நிக்கான் பாரு."

நான் அம்மாவுக்குப் பின்னால் இருந்தேன். இருபத்தேழு வயது, அம்மாவை விட ஒன்றரைச் சாண் உயரம். மறைந்தது கால் முதல் நெஞ்சு வரைதான். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் நேராக வந்து என் சட்டையைப் பிடித்தார். வேப்பிலையும் வியர்வையும் கலந்த வாசனை. குரலைத் தாழ்த்தினார்.

"நீ கூட்டியாந்த. நீ போயிருவ. நான் எங்கலே போவேன்?"

நடிப்பா, அருளா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டது அவரா, மாடனா, அந்த வீடா என்றும் தெரியாது. களத்து மண்ணில் விழுந்தேன். வேடிக்கையாக எதையாவது சொல்லித் தப்பிப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு வாய் திறக்கவில்லை. வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அழுகைதான் வந்தது. சுற்றி நின்றவர்கள், பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று பேசிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி கைகட்டி முன்னால் வந்து, இந்த இடத்தை நான் வாங்கிக்கிடலாமா சாமி என்று கேட்டார். நான் தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கினேன்.

"வாங்கு" என்றார் மாடன். "ஒத்தக் கல்லப் பேக்கப்படாது. எம் பூசாரியத் தவிர எம் அடுக்களைல ஒருத்தரும் காலு வைக்கப்படாது."

என் தலைக்கு மேலே அம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல், "அவரு அடுக்களையாம்லா" என்றாள்.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். என் பெயர் வேறு யாருடைய பெயர் மாதிரியோ விழுந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அதுவும் அப்படித்தான் விழுந்தது. அம்மியைப் பெயர்த்து எடுத்துவர வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். பெயர்க்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். விட்டுவிட்டோம்.

அண்ணாச்சி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பிசான அறுப்பு முடிந்து, பங்குனியில் முதல் கொடை. அழைப்பு முதல் ஆளாக எங்களுக்குத்தான் வந்தது. அம்மா கேஸ் அடுப்பில் சர்க்கரைப் பொங்கலும் உளுந்த வடையும் செய்து தூக்குப் போணியில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். வயலெல்லாம் அறுத்த தாளடியாகக் கிடந்தது. வீடு வெள்ளையடித்து, நான் பார்த்த எல்லா வருடத்தையும் விட நன்றாக இருந்தது. சுவரைத் தொடப் போனேன். இங்கன நின்னு கும்புடுங்க என்று ஓர் இளவட்டம் சுவருக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைக் காட்டியது. நான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லி என்ன, கும்பிட்டேன்.

அம்மா அடுக்களை வாசல்வரை போனாள். அதுவரை போக எல்லோருக்கும் அனுமதி உண்டு. அண்ணாச்சி அமர்த்திய பூசாரி தூக்குப் போணியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். அடுப்பு மேடை இருந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய பீடம், மேலே சந்தனம். மூலையில் அம்மிக்கும் குங்குமம் வைத்து, ஒரு செவ்வரளி மாலை போட்டிருந்தார்கள். சூடம் காட்டினார்கள். அம்மா கும்பிட்டாளா என்று நான் கவனித்தேன். கும்பிட்டாள். கண்ணை மூடவில்லை. மேல்சுவர், பரண், தரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று அடுக்களைச் சன்னலைப் படார் என்று அடித்தது. விளக்கு ஆடியது. பூசாரி ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்திக் கொண்டியைப் போட்டுப் பார்த்தார். விழவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். விழவில்லை.

"இழுக்காதீங்க" என்றாள் அம்மா வாசலில் நின்றபடி. "கதவப் பைய மேல தூக்குங்க. கொஞ்சம் உங்க பக்கமா. இப்ப விடுங்க."

சொல்லச் சொல்ல, படிக்கு வெளியே அவள் வலது கை காற்றில் எதையோ பிடித்து மெல்லத் தூக்கியது, கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்தது, விட்டது. உள்ளே கொண்டி விழுந்தது.